நாடில்லாதவரின் கடவுத்தாள்

1920 நவம்பரில் கிரிமியாவின் துறைமுகங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கான்ஸ்டான்டினோபிள் நோக்கிக் கிளம்பின. ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற ஜெனரல் ரான்கலின் படையினர், அவர்களுடைய குடும்பத்தார், பேராசிரியர்கள், பாதிரிமார், கடைக்காரர்கள் என்று சுமார் 1,50,000 பேர் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அனஸ்தாசியா ஷிரின்ஸ்கயா என்ற எட்டு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய தந்தை கடற்படை அதிகாரி. அந்தக் கடற்படை பிறகு மத்தியதரைக் கடலில் மேற்கே பயணித்து, பிரான்சின் ஆளுகையில் இருந்த துனிசியாவின் பிஸெர்த் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. பழைய போர்க்கப்பல் ஒன்றைக் குடும்பங்கள் தங்கும் வீடாக மாற்றினார்கள். சிறுமி வளர்ந்தது அதில்தான். 1924 அக்டோபரில் பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்ததும் அந்தக் கப்பல்களின் கொடியும் இறக்கப்பட்டது.

இவர்களிடம் இருந்த கடவுச்சீட்டுகள் ஜார் மன்னரின் பெயரால் வழங்கப்பட்டவை. அந்த அரசே இப்போது இல்லை. 1921 டிசம்பரில் புதிய சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, புரட்சிக்குப் பின் அனுமதியின்றி வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ஆணையில் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் போனார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருந்தால் இவ்வளவு பெரிய இடியாக இருந்திருக்காது. 1914க்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே ரயிலேறி எல்லையைத் தாண்டிவிடலாம். போர் வந்தது, உளவாளிகளுக்கு அஞ்சி ஒவ்வொரு அரசும் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியது. போர் முடிந்த பிறகும் அந்தக் கட்டாயம் நீங்கவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்படி 32 பக்கச் சிறு புத்தகம் ஒன்றை மாதிரியாக வகுத்தது. ரஷ்ய, உதுமானிய, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுகள் நொறுங்கி, எல்லைக் கோடுகள் புதிதாக வரையப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. மனிதர்கள் அதிகமாக இடம்பெயர நேர்ந்த அதே காலத்தில்தான் இடம்பெயர்வதற்குக் காகிதமும் தேவைப்பட்டது.

காகிதம் இல்லாதவரின் நிலை என்ன? வேலைக்குச் சேர முடியாது. விசா கேட்டு எந்தத் தூதரகத்தின் படியிலும் ஏற முடியாது, விசா முத்திரை குத்த ஏடு இல்லையே. போலீஸ் பிடித்தால் நாடுகடத்த வேண்டும், ஆனால் எந்த நாட்டுக்கு? இரவில் எல்லையோரம் கூட்டிப்போய் அண்டை நாட்டுப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே சட்டவிரோத நுழைவுக்குச் சிறை, பிறகு மறுபடியும் இந்தப் பக்கம் தள்ளல். குற்றம் எதுவும் செய்யாமலே சிறைக்கும் எல்லைக்கும் நடுவே நாட்களைக் கழித்தவர்கள் ஏராளம்.

1921 பிப்ரவரியில் செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் குஸ்தாவ் அதோர், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்கு இது பற்றி முறையிட்டார். அகதிகளுக்கென்று ஓர் உயர் ஆணையரை நியமிக்க முடிவாகி, ஃப்ரிட்யோஃப் நான்சென் அந்தப் பொறுப்புக்கு வந்தார். நார்வேக்காரர். 1888இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்தவர். ஃப்ராம் என்ற கப்பலை வடதுருவப் பனியில் வேண்டுமென்றே உறையவிட்டு, பனியோடு மிதந்து கடலின் ஓட்டத்தை ஆராய்ந்தவர். சங்கத்தின் சார்பில் லட்சக்கணக்கான போர்க் கைதிகளை வீடு சேர்த்த அனுபவமும் அவருக்கு அப்போது இருந்தது. சங்கம் அவருக்குக் கொடுத்தது அலுவலகச் செலவு மட்டுமே. நிவாரணத்துக்கென்று காசு கிடையாது. ஆகவே காசில்லாமல் செய்யக்கூடியது எது என்று பார்க்க வேண்டியிருந்தது. காகிதம் அப்படிப்பட்ட ஒன்று.

1922 ஜூலை 3ஆம் தேதி ஜெனீவாவில் அரசுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். மூன்றாம் நாள், ஜூலை 5 அன்று, ஏற்பாடு முடிந்துவிட்டது. இதை ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றங்கள் இதை விவாதித்து ஏற்க வேண்டியதில்லை. ரஷ்ய அகதிக்கு இன்ன வடிவத்தில் ஓர் அடையாளச் சான்றிதழ் தருவோம், மற்ற அரசுகள் தந்ததையும் மதித்து விசா குத்துவோம் என்று ஒவ்வோர் அரசும் ஒரு கடிதம் எழுதினால் போதும். முதலில் 16 அரசுகள் எழுதின. சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. சான்றிதழ் மக்கள் வாயில் நான்சென் பாஸ்போர்ட் ஆனது.

அந்த முதல் வடிவத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். புத்தகம் அல்ல, ஒற்றைத் தாள். ஒரு வருடம் செல்லும். மேலே வழங்கும் நாட்டின் பெயர், வரிசை எண். கீழே பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், ரஷ்யாவில் முன்பு வாழ்ந்த இடம், இப்போதைய முகவரி, தொழில். அடுத்து அங்க அடையாளங்கள்: வயது, தலைமுடி, கண், முகம், மூக்கு, தனித்த அடையாளம் ஏதும் உண்டா. ஓரத்தில் புகைப்படம், கையெழுத்து. குடியுரிமை எழுத வேண்டிய இடத்தில், ரஷ்யாவில் பிறப்பும் வேரும் கொண்டவர், வேறு குடியுரிமை எதையும் பெறாதவர் என்ற குறிப்பு. ஒருவரிடம் இல்லாததைச் சொல்லியே அவர் யார் என்று சான்றளித்தது அந்தத் தாள். நாடு கைவிட்ட பிறகும் ஒரு மனிதனுக்கு மூக்கும் கண்ணும் தொழிலும் தாயின் பெயரும் மிஞ்சியிருக்கின்றன, அவற்றை வைத்து அவனை அடையாளம் காணலாம் என்று அரசுகள் ஒப்புக்கொண்டன. பன்னாட்டு உறவுகளின் வரலாற்றில் இது மிகப் பெரிய ஒப்புதல் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அதே தாளில் கூரிய இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. தாங்கியவர் ரஷ்ய மண்ணில் கால்வைத்தால் சான்றிதழ் செல்லாமல் போய்விடும் என்பது ஒன்று. தனியே குறிப்பு இல்லாவிட்டால், வழங்கிய நாட்டுக்கே திரும்பி வர அது உரிமை தராது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் அரசுகளின் உள்மனம் வெளிப்படுகிறது. இரக்கம் ஒரு பங்கு என்றால், வந்தவர்களை எப்படியாவது அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இன்னொரு பங்கு. போகவும் வழி, அனுப்பிவிடவும் வழி. திரும்பிப் போவார் என்று உறுதியில்லாத விருந்தாளிக்கு விசா தர மற்ற நாடுகளும் தயங்கின. ஏனென்றால் இவரைத் திரும்ப ஏற்க யாரும் கட்டுப்பட்டிருக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தத் தாள் எடுத்த வடிவங்கள் எல்லாம், என் பார்வையில், இந்த ஒரு நிபந்தனையைத் திருத்துவதற்கான போராட்டம்தான்.

1924இல் படுகொலைக்குத் தப்பிய ஆர்மேனியர்களுக்கும், 1928இல் அசீரியர்களுக்கும் வேறு சில சிறு குழுக்களுக்கும் அதே தாள் கிடைத்தது. 1926இல் அரசுகள் மறுபடி கூடி, திரும்பி வருவதற்கான விசாவையும் சேர்த்தே தரலாம் என்று பரிந்துரைத்தன. பரிந்துரை மட்டும்தான். கூடவே ஒரு வில்லையும் அறிமுகமானது. வசதியுள்ள அகதி 5 தங்க ஃபிராங்க் கொடுத்து நான்சென் வில்லையை வாங்கித் தாளில் ஒட்ட வேண்டும், ஏழைக்கு விலக்கு. பின்னாளில் நான்செனின் முகமே அதில் அச்சாயிற்று. அந்தப் பணம் வேறு அகதிகளின் பயணத்துக்கும் குடியமர்த்தலுக்குமான நிதிக்குப் போனது. பாரிஸில் டாக்ஸி ஓட்டிய முன்னாள் அதிகாரி ஒட்டிய வில்லை, எங்கோ ஒரு முகாமில் இருந்த முகம் தெரியாத ஒருவரின் கப்பல் கட்டணத்தில் சேர்ந்தது. அரசுகள் கைவிரித்த இடத்தில் அகதிகளே அகதிகளுக்குக் கொடுத்தார்கள்.

1925 முதல் சில ஆண்டுகள் அகதிகளின் வேலைவாய்ப்புப் பணியைச் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. எங்கே ஆள் தேவை, எங்கே கைகள் சும்மா இருக்கின்றன என்று பார்த்து இணைத்தார்கள். பால்கன் நாடுகளில் வேலையின்றித் தவித்தவர்கள் பிரான்சின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் போனார்கள். பாரிஸை ஒட்டிய பில்லாங்கூரில் ரெனோ கார் ஆலையின் வாசலில் ரஷ்ய மொழி சகஜமாகக் கேட்டது. இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபகோவ் ஆகியோரும் இந்தத் தாளோடு வாழ்ந்தவர்களே. அதைத் தரம் தாழ்ந்த ஒன்றாக உணர்ந்ததையும், ஒவ்வொரு பயணத்துக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததையும் நபகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் கசப்போடு எழுதியிருக்கிறார். அந்தக் கசப்பு நியாயமானது. பெயர்பெற்ற எழுத்தாளருக்கே அந்தக் கதி என்றால் சுரங்கத் தொழிலாளியின் பாடு என்னவாக இருந்திருக்கும்? ஆனாலும் 1940 மே மாதம், ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, யூதரான தம் மனைவியையும் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு அவரால் அமெரிக்காவுக்குக் கப்பலேற முடிந்தது.

மொத்தம் சுமார் 4,50,000 பேருக்கு இந்தத் தாள் வழங்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

நான்செனைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இதே மனிதர்தான், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ளும் திட்டத்தை முன்னின்று பேசியவர். அதன்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்களும், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் பிறந்த மண்ணுக்கு இனித் திரும்பவே முடியாது என்று ஆனது. வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்குக் காகிதம் கொடுத்த அதே கை, வேரோடு பிடுங்குவதற்கும் கையெழுத்துக்கு வழிசெய்தது. அவர் காலத்து ராஜதந்திரிகள் இதை நடைமுறை அறிவு என்று பாராட்டினார்கள். எனக்கு அது பெருந்தவறாகவே படுகிறது.

1930 மே 13 அன்று நான்சென் காலமானார். அவர் பெயரால் ஓர் அலுவலகம் தொடர்ந்தது. 1933 அக்டோபரில் முதன்முறையாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றும் எழுதப்பட்டது. அகதியைத் துன்பம் காத்திருக்கும் எல்லைக்குத் திருப்பித் தள்ளக்கூடாது என்ற விதி சட்ட எழுத்தாக இடம்பெற்றது அதில்தான். பத்து நாடுகள்கூட அதை ஏற்கவில்லை.

தாளின் அடிப்படைக் குறையும் அப்போது வெளிப்பட்டது. அது மனிதருக்காக வழங்கப்படவில்லை, பட்டியலில் உள்ள குழுவுக்காக வழங்கப்பட்டது. ரஷ்யர், ஆர்மேனியர் பட்டியலில் இருந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள் இல்லை. அவர்களுக்கென்று 1936இலும் 1938இலும் தனித்தனி ஏற்பாடுகள், அவையும் அரைகுறை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன. கதவைத் திறக்கக் கிட்டத்தட்ட யாரும் முன்வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டுகளில் சிவப்பில் ஓர் எழுத்து குத்தப்பட்டது. எல்லையில் நிற்கும் அதிகாரி பார்த்த உடனே ஆளைத் தடுக்க உதவும் முத்திரை அது. 1939இன் தொடக்கத்தில் பிரான்சுக்குள் நுழைந்த ஸ்பானியக் குடியரசு அகதிகளுக்கும் நான்சென் தாள் அப்போது நீட்டிக்கப்படவில்லை. தேவை மிகக் கூடிய நேரத்தில் ஏற்பாடு சுருங்கியது. 1938ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு நான்சென் அலுவலகத்துக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவோடு அலுவலகம் மூடப்பட்டது.

மறுபடி எழுத்து மேசைக்கு வந்தபோது உலகம் வேறாக இருந்தது. 1946 அக்டோபரில் லண்டனில் புதிய பயண ஆவணத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகள் பிரகடனத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அதன் 14ஆம் விதி அடைக்கலம் தேடும் உரிமையையும், 15ஆம் விதி குடியுரிமைக்கான உரிமையையும் சொல்கின்றன. 1951 ஜூலை 28இல் ஜெனீவாவில் அகதிகள் ஒப்பந்தம் உருவானது. அதன் 28ஆம் விதி பயண ஆவணத்தைப் பற்றியது. பின்னிணைப்பில், படிக்கிறவர்கள் எளிதில் தாண்டிப்போகும் இடத்தில், 13ஆம் பத்தி இருக்கிறது: ஆவணம் செல்லுபடியாகும் காலம் முழுவதும் அதைத் தாங்கியவரைத் திரும்ப ஏற்பது வழங்கிய நாட்டின் கடமை. 1922இன் நிபந்தனை தலைகீழாகத் திருப்பப்பட்டுவிட்டது. 29 ஆண்டுகள் ஆயின. 1951க்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே என்ற வரம்பும் 1967இன் நெறிமுறையால் விழுந்தது.

பிஸெர்த்தில் அந்தச் சிறுமி கணித ஆசிரியை ஆனார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொன்னார்; பிற்காலத்தில் பாரிஸ் மேயரான பெர்த்ரான் தெலனோவும் அவர்களில் ஒருவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அவர் போகவில்லை, துனிசியக் குடியுரிமையையும் நாடவில்லை. நான்சென் அகதியாகவே இருந்தார். சோவியத் ஒன்றியம் இல்லாமல் போன பிறகு, 1997இல், ரஷ்யக் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது. எண்பதைத் தாண்டிய வயது. 2009இல் பிஸெர்த்திலேயே காலமானார். குடியுரிமையைப் பறித்த அரசைவிட அந்தத் தாள் நீண்டநாள் வாழ்ந்தது.

அதன் வாரிசைத் தமிழர்கள் கையில் பிடித்திருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி நார்வே, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் என்று சேர்ந்தவர்களில் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்த 1951 ஆவணம் கிடைத்தது. நான்செனின் சொந்த நாட்டில், வடமுனையை ஒட்டிய ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் உறைபனிக்குள் வேலைக்கு நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் பேசும்போது அதை ட்ரவல் டொக்குமென்ட் என்பார்கள். பெரும்பாலும் நீல அட்டை, இடப்பக்க மேல்மூலையில் இரண்டு கோடுகள், முகப்பில் 1951 ஒப்பந்தத்தின் தேதி. உள்ளே, எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர என்ற பொருளில் ஒரு குறிப்பு. ஊரில் தாய் கண்மூடினால் கொள்ளி வைக்க மகன் போக முடியாது. உடன்பிறந்தவரைப் பார்க்கச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார்கள், விசா கிடைத்தால். ஆனால் சந்தித்துவிட்டு ஒஸ்லோவுக்கோ சூரிச்சுக்கோ திரும்பிப் போகலாம். அந்த 13ஆம் பத்தி அவர்களோடு விமானமேறுகிறது.

அந்தத் தாள் எட்டாத தமிழர்களும் உண்டு. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தேயிலை மலைகளில் உழைத்த சுமார் ஏழு லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேற அப்போது ஒரு மாதம்கூட இல்லை. அவர்களுக்கு ஜெனீவாவின் தாள் வரவில்லை. வந்தது 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் ஆளைப் பங்கிட்டன. மலையக மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுத் தீர்வு தரும் சட்டம் வர 2003 ஆனது.

இனக்கலவரங்களில் அடிபட்டு அந்த மலையகக் குடும்பங்களில் பலவும் படகேறி வந்தன. தமிழ்நாட்டின் அகதி முகாம்களில், 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த வரிசை வீடுகளில், அவர்களும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களும் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். 1951 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கு நடவடிக்கை இல்லை என்று விலக்கு அளித்தது. நிம்மதி தரும் ஆணைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த விமான நிலையத்திலும் வரிசையில் நிற்க முடியாது.

உலகின் ஒழுங்கு மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. 2024 இறுதியில் 12 கோடியே 32 லட்சம் பேர் வன்முறையாலும் போராலும் இடம்பெயர்ந்திருந்ததாக ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது; அடுத்த ஆண்டே பெரிய நன்கொடை நாடுகள் கையை இறுக்க, அந்த ஆணையம் தன் ஊழியர்களையே குறைத்தது. இத்தகைய நேரத்தில் புதிய மாபெரும் ஒப்பந்தம் எதுவும் எழுதப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1922இலும் யாரும் அதற்குத் தயாராக இல்லை, ஒரு படிவத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு அந்தப் படிவம் அன்னியமும் அல்ல. திபெத்திய அகதிகளுக்கு மஞ்சள் அட்டை போட்ட அடையாளச் சான்றிதழை நம் அரசு பல காலமாக வழங்கிவருகிறது. எந்த ஒப்பந்தத்திலும் சேராமலே அவர்கள் அதில் விசா வாங்கிப் பயணம் போய் வருகிறார்கள். திரும்பி வர அனுமதியோடு சேர்த்து அதையே மண்டபம், கொட்டப்பட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. டில்லியில் இரண்டு அமைச்சகங்கள் பேசி முடிவெடுத்தால் போதும்.